ஊசி குத்தாத ஹீமோகுளோபின் பரிசோதனை: முதியவர்களுக்கு எப்படி எடுப்பது, எந்த அளவுக்கு நம்புவது

முதலில் கருவியைச் சரிபாருங்கள். வீட்டில் இருக்கும் சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஹீமோகுளோபினை அளக்காது. இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்கு இறங்கியவருக்கும் 98 சதவீதம் காட்டிவிடும். சாதாரணக் கருவியின் இரண்டு ஒளி அலைநீளங்களுக்குப் பதில் ஏழோ அதற்கு மேலோ பயன்படுத்தி ஹீமோகுளோபின் எண்ணையே காட்டும் கருவி வேண்டும்.

பெரியவரைப் பத்து நிமிடம் உட்காரவையுங்கள். விரல் சில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான துணியில் சுற்றுங்கள். வயதானவர்களின் விரலில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அளவு தவறுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மோதிர விரலோ நடுவிரலோ போதும். மருதாணி, நகப்பூச்சு, தடித்த நகம் இருந்தால் வேறு விரல். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையும், பிபி பட்டை கட்டிய கையும் வேண்டாம். கை நடுங்கினால் தலையணை மேல் வையுங்கள். வெளிச்சம் படாமல், விரலில் மாட்டிய கிளிப்பைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். கருவி காட்டும் ரத்த ஓட்டக் குறியீடு (PI) 1-க்குக் கீழே இருந்தால் அளவை எழுதவே வேண்டாம். கையைச் சூடாக்கி மறுபடி பாருங்கள்.

கிளிப்பைக் கழற்றி மாட்டி மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். மூன்றுக்குள் 1 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள்.

ரத்தசோகைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை டெசிலிட்டருக்குப் பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13; அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. கருவியோ நரம்பில் எடுத்த ரத்தத்தின் அளவிலிருந்து 1 கிராம் விலகுவது சாதாரணம், சிலரிடம் 2 கிராமும் விலகும். ஹீமோகுளோபின் குறைந்தவர்களிடம் கூட்டிக் காட்டும் போக்கும் உண்டு. அதனால் 12.6 வந்த பாட்டியை "ரத்தசோகை இல்லை" என்று அனுப்பக் கூடாது. பெண்களுக்கு 13.5, ஆண்களுக்கு 14.5, அதற்குக் கீழே யாராக இருந்தாலும் ரத்தம் எடுத்து சிபிசி (முழு ரத்த அணுப் பரிசோதனை) பார்ப்பதே எங்கள் பரிந்துரை. ஊசி கொஞ்சம் கூடுதலாகப் போடவேண்டி வரும். ஒருவரைத் தவறவிடுவதைவிட அது மேல்.

கீழ் இமையை இழுத்துப் பார்ப்பதும் உதவும், ஆனால் வெளுப்பு தெரிந்தால் மட்டும். கண் சிவந்திருந்தாலோ ரத்தசோகை லேசாக இருந்தாலோ இமை ஏமாற்றிவிடும்.

மலம் தார் போலக் கறுத்திருந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, நாலடி நடந்ததும் மூச்சு வாங்கினாலோ, கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் அன்றே மருத்துவமனை.

கருவியின் எண்ணை மட்டும் பார்த்து இரும்பு மாத்திரை தொடங்காதீர்கள். ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரைகளால் வயிற்றில் கசியும் ரத்தம், குடல் புற்று, சிறுநீரக நோய், பி12 குறைவு, இவற்றில் ஏதாவது அடியில் இருக்கலாம். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். பிறகு கறுப்பு கசிவினாலா மாத்திரையினாலா என்று மருத்துவருக்குப் பிரித்துப் பார்ப்பது கடினம்.