மல்யுத்தப் பட்ட வரலாற்றைக் கொழும்பிலிருந்து நாள் பிசகாமல் எழுதுவது எப்படி?

பழகிப் பார்க்க அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் ஐக்கிய இராச்சியப் பட்டம் நல்லது. 2017இல் தொடங்கி 2022இல் முடிந்துவிட்டது. இனி எதுவும் மாறாது.

சீ.ஆர். கொப்பியில் ஆறு நிரல் போடுங்கள்: எண், வென்றவர், நாள், அரங்கு, ஆண்ட நாட்கள், குறிப்பு. முதல் வரி: 1, டைலர் பேட், 2017 ஜனவரி 15, பிளாக்பூல் எம்ப்ரஸ் போல்ரூம், 125, "இறுதிப் போட்டியில் பீட் டன்னை வென்றார், வயது 19".

பலர் சறுக்குவது நாளில்தான். டன் பட்டத்தைப் பறித்த 2017 மே 20 சிகாகோ இரவு, கொழும்பில் மே 21 விடிகாலை. வால்டர் டன்னை வீழ்த்திய 2019 ஏப்ரல் 5 புரூக்ளின் இரவு, நமக்கு ஏப்ரல் 6. எல்லா வரியிலும் நம் நாளையே போட்டாலும் டன் ஆண்ட கணக்கு 685 நாள்தான் வரும். ஒன்றுக்கு அங்கத்தைய நாள், மற்றதற்கு நம் நாள் என்று கலந்தால் 684 அல்லது 686 ஆகிவிடும். போட்டி நடந்த ஊரின் நாளையே எழுதுங்கள்.

வென்ற நாளைச் சேர்த்து, இழந்த நாளை விட்டு எண்ணுங்கள். எக்செலில் இழந்த நாளிலிருந்து வென்ற நாளைக் கழித்தால் போதும். ஆனால் கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 5/4/2019 என்பது மே 4 ஆகிவிடும். 20/5/2017ஐ நாளாகவே ஏற்காது, விடைக்குப் பதில் பிழைதான் வரும். 2019-04-05 என்று ஆண்டை முதலில் தட்டுங்கள். சரிபார்க்க: வால்டர் 2021 ஆகஸ்ட் 22இல் இல்யா டிராகுனோவிடம் தோற்றார். 870 வர வேண்டும். 869 வந்தால் 2020இன் பெப்ரவரி 29ஐ விட்டுவிட்டீர்கள்.

2020 ஜனவரியில் பெயர் என்.எக்ஸ்.டி. யூ.கே. பட்டம் என்று மாறியது (என்.எக்ஸ்.டி. என்பது டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் ஒரு பிரிவு). பட்டம் அதேதான், குறிப்பில் எழுதி எண்ணைத் தொடருங்கள். 2022இல் டிராகுனோவ் காயத்தால் பட்டத்தைத் துறந்தார். அந்த இடைவெளிக்கு எண் இல்லாமல் "வெற்றிடம்" என்று தனி வரி. அதை மீண்டும் வென்றவர் டைலர் பேட். இந்தப் பகுதி முன்கூட்டியே படமாக்கப்பட்டு வாரங்கள் கழித்து ஒளிபரப்பானது, ஆகவே இரண்டு நாளையும் எழுதி, எதை வைத்து எண்ணினீர்கள் என்று குறியுங்கள். 2022 செப்டம்பர் 4இல் ப்ரொன் பிரேக்கர் பேட்டை வென்று பட்டத்தை என்.எக்ஸ்.டி. பட்டத்தோடு இணைத்தார். முடிவுக் கோட்டை அங்கே போடுங்கள்.

1955 முதல் 1988 வரை பிரித்தானியத் தொலைக்காட்சியான ஐ.டீ.வி.யில் ஓடிய மல்யுத்தக் காலத்தின் பிரித்தானிய ஹெவிவெயிட் பட்டம் வேறு வம்சம். அதற்குத் தனிக் கொப்பி வையுங்கள்.