வீடியோவை முழுதாக ஓட விடாதீர்கள்

ஆட்சிமுறை, அரசியல் பாடத்துக்கு வீடியோ காட்டுகிறீர்களா? ஐந்து நிமிடத் துண்டு போதும். ஓட விடுவதற்கு முன்பே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் மாணவர்கள் வெறுமனே வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, 1960 செப்டம்பர் 26 அன்று கென்னடியும் நிக்சனும் மோதிய விவாதம். அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் இருவர் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் பேசியது அதுவே முதல் முறை. பாதி வகுப்புக்கு ஒலியை மட்டும் கொடுங்கள், மீதிப் பேருக்குப் படத்தோடு. யார் பேச்சு எடுபட்டது என்று தனித்தனியாக எழுதட்டும். அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நிக்சன் அந்த மாதம்தான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தார், மெலிந்து களைத்திருந்தார், அவருடைய வெளிர்நிறக் கோட்டு பின்னணியோடு கலந்துபோனது. இதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முன்பே சொன்னால் பயிற்சியே கெட்டுவிடும்.

சினிமாக் காட்சி என்றால் சட்டமன்ற அவை விதிகளையும் பக்கத்தில் வையுங்கள். ஒரே உரையில் மசோதா நிறைவேறிவிடும் சினிமாவில்! குழு ஆய்வு, திருத்தங்கள், வாக்கெடுப்பு என்று எதையெல்லாம் படம் விட்டுவிட்டது என்பதை மாணவர்களே பட்டியல் போடட்டும்.