ரேம் டைமிங் குறைக்கது எப்படி: மொதத் தடவ பண்ணுதவங்களுக்கு, நம்ம ஊர் வெயிலையும் சேத்து

போன வாரம் பாளையங்கோட்டையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணி, அண்ணே 3200 ரேமை வித்துட்டு 3600 வாங்கலாம்னு இருக்கேன்னான். அதுல சிஎல் (கேட்டதக் குடுக்க எத்தன கிளாக் ஆகும்ங்கத சொல்லுத டைமிங் நம்பர், கொறைய இருந்தா நல்லது) என்ன போட்டிருக்குன்னு கேட்டேன், 18ன்னான். இவன் கையில இருக்கது 3200 சிஎல்16. ரெண்டுலயும் கேட்டது வந்து சேர ஆகுற நேரம் ஒண்ணுதான், 10 நானோசெகண்ட். 3600ல ஒரே நேரத்துல கூடுதலா டேட்டா போகும், அது உண்மை, ஆனா காசு செலவழிக்கதுக்கு முன்னாடி இருக்கதுலயே டைமிங்க கொறச்சுப் பாருன்னு சொன்னேன். அவனுக்குச் சொன்னத எல்லாருக்குமா எழுதுதேன்.

கணக்கு ஈஸிதான். ஒரு கிளாக்குக்கு ரெண்டு தடவ டேட்டா போகும், அதனால 3200 ரேமோட நெஜ கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ், ஒரு கிளாக்குக்கு 0.625 நானோசெகண்ட். சிஎல் 16ன்னா 16 தடவ 0.625, அதான் 10. 14 ஆக்குனா 8.75.

பெட்டி மேல 16-18-18-38ன்னு போட்டிருக்கும்லா, வரிசையா சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி, டிஆர்ஏஎஸ், அத நம்ம பலசரக்குக் கடை வச்சுப் புரிஞ்சுக்கிடுங்க. அண்ணாச்சிகிட்ட உளுந்து கேக்கீங்க, அவரு உள்ள போயி மூட்டைய எடுத்து அவுக்கணும், அது டிஆர்சிடி. அவுத்த மூட்டையில இருந்து அள்ளிக் குடுக்க ஆகுற நேரம் சிஎல். அடுத்த மூட்டைய அவுக்கதுக்கு முன்னாடி இத கட்டி வைக்கணும், அது டிஆர்பி. அவுத்த மூட்டை கொறஞ்சது எவ்வளவு நேரம் திறந்து இருக்கணும்ங்கது டிஆர்ஏஎஸ். இதுபோக பெட்டியில போடாத ஒண்ணு இருக்கு, டிஆர்எஃப்சி. ரேம் செல்லுல இருக்க சார்ஜ் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால மைக்ரோசெகண்ட் கணக்குல அடிக்கடி ரேம் எல்லா வேலையும் நிப்பாட்டி சார்ஜை திரும்ப நெரப்பும், அந்த நெரப்புத நேரந்தான் இது. சூடு கூடக்கூட கசிவும் கூடும். இத மனசுல வச்சுக்கிடுங்க, நம்ம ஊர்ல இதுதான் முக்கியம், பின்னாடி வாரேன்.

தொடங்கதுக்கு முன்னாடி போட்டோ, வேலை ஃபைல் எல்லாத்தையும் வேற ஹார்ட் டிஸ்க்குல காப்பி எடுத்துருங்க, இத மட்டும் நாளைக்குப் பாப்போம்னு விடாதீங்க. நான் மொதத் தடவ பண்ணும்போது அஞ்சு நம்பரையும் ஒண்ணா மாத்திட்டு, விண்டோஸ் ஓபன் ஆயிட்டேன்னு அப்படியே விட்டுட்டேன், பத்து நாளா கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுச்சு, ஆனா அந்தப் பத்து நாள்ல காப்பி பண்ணுன ஜிப் ஃபைல்ல பாதி திறக்கல, அதுல சித்தி மக கல்யாண போட்டோவும் போச்சு. ரேம் தப்பு பண்ணுனா எல்லா நேரமும் நீல ஸ்கிரீன் வராது, சத்தமில்லாம ஃபைலத்தான் கெடுக்கும்.

இப்ப வேலைக்கு வாங்க. சிபியூ-இசட்ங்க சாஃப்ட்வேர் போட்டு அதுல மெமரி டேப்ல இப்ப இருக்க நம்பரையெல்லாம் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க. அடுத்து கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலீட் கீய அமுக்கி பயாஸுக்குள்ள (போர்டோட செட்டிங் ஸ்கிரீன்) போயி எக்ஸ்எம்பி ஆன் பண்ணுங்க, அது ரேம் கம்பெனியே போட்டு வச்ச வேக செட்டிங், சில ஏஎம்டி போர்டுல டிஓசிபின்னு இருக்கும். நெறைய பேரு இதையே ஆன் பண்ணாம 2133லயோ 2400லயோதான் ஓட்டுதாங்க, அவங்களுக்குப் பெரிய வித்தியாசம் இந்த ஒரு ஸ்டெப்லயே கெடச்சிரும். ஆன் பண்ணிட்டு பென்டிரைவ்ல ரேமை சோதிக்க மெம்டெஸ்ட்86ங்க புரோகிராம போட்டு நாலு பாஸ், அதாவது நாலு ரவுண்டு ஓட்டுங்க. யூபிஎஸ் இல்லன்னா கரண்ட் கட் இல்லாத நாளாப் பாத்து ஓட்டுங்க, பாதியில போனா திரும்ப மொதல்ல இருந்துதான். இதுலயே எரர் வந்தா மேற்கொண்டு போகாதீங்க.

அப்புறம் சிஎல். வேற எதையும் தொடாம 16ஐ மட்டும் கொறைங்க. ஏஎம்டி ரைசன்ல கியர் டவுன் மோட்னு பயாஸ்ல இருக்க ஒரு செட்டிங் ஆன்ல இருந்தா 15 போட்டாலும் அது 16 ஆத்தான் எடுத்துக்கிடும், அதனால நேரா 14. ரேம் வோல்டேஜ் 1.35ல இருந்து 1.40 வரைக்கும் கூட்டலாம், அதுக்கு மேல நான் போறதில்ல. 14ல ஓடலன்னா உங்க சிப்பு அவ்வளவுதான், 16லயே விட்டுருங்க.

டிஆர்சிடி, டிஆர்பி ரெண்டையும் ஒவ்வொண்ணா, ஒரு ஒரு நம்பரா கொறைங்க. நெறைய சிப்புல டிஆர்சிடி வோல்டேஜ் கூட்டுனாலும் அசையாது, அதோட மல்லுக்கட்டாதீங்க. டிஆர்ஏஎஸ்ஸுக்கு சிஎல்லையும் டிஆர்சிடியையும் கூட்டி ரெண்டு மூணு சேத்து வச்சாப் போதும். ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஒரு டெஸ்ட், பொறுமை வேணும்.

கடைசியா டிஆர்எஃப்சி, நல்ல பலன் கெடைக்கது இதுல. என் 8 ஜிபி ஸ்டிக்குல 560 இருந்துச்சு, அதாவது 350 நானோசெகண்ட். இருவது இருவதா எறக்கி 440 வரைக்கும் வந்தேன், ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடி ஒரு எரர் கூட இல்ல. மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு, சித்திர வெயில், மாடி ரூம், கேம் ஓடிட்டு இருக்கும்போது படக்குன்னு வெளிய தள்ளிட்டு. மெம்டெஸ்ட்ல கிராபிக்ஸ் கார்டு சும்மாதான் இருக்கும், கேம்ல அது விடுத சூடு பூராம் ரேம் மேலதான் அடிக்கும், அதோட நம்ம வெயிலும் சேந்தா 440 தாங்கல. 480க்கு ஏத்துனேன், அப்புறம் பிரச்சனை இல்ல. அதனால ராத்திரி டெஸ்ட் பாஸானத நம்பாதீங்க, ஆனி ஆடியில தென்காசிப் பக்கமிருந்து சாரல் காத்து வரும்போது பண்ணுனீங்கன்னா இன்னும் ஏமாத்தும். உச்சி வெயில்ல, ஏசி போடாம, கேம் ஓட்டி ரெண்டு மணி நேரம் பாக்கணும்.

மாத்திட்டு ஆன் பண்ணும்போது ஸ்கிரீன் வரலன்னா பயப்படாதீங்க, போர்டு தானாவே ரெண்டு மூணு தடவ ஆஃப் ஆகி ஆன் ஆகிப் பாக்கும், ஒரு அஞ்சு நிமிசம் விடுங்க. அப்பவும் வரலன்னா பிளக்கப் புடுங்கிட்டு, போர்டுல சிமாஸ் கிளியர்னு (பயாஸ் செட்டிங்க அழிக்கது) இருக்க ரெண்டு பின்ன ஸ்க்ரூடிரைவர் வச்சு பத்து செகண்ட் தொட வைங்க, பின்னு எதுன்னு மேனுவல்ல பாத்துட்டுப் பண்ணுங்க. இல்லன்னா அந்த வட்ட சிஆர்2032 பேட்டரியக் கழட்டி கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க. எல்லாம் பழைய நெலமைக்கு வந்துரும், எடுத்து வச்ச போட்டோவப் பாத்து திரும்பப் போட்டுக்கிடலாம்.

என்னோடது இப்ப 14-18-18-34, டிஆர்எஃப்சி 480, 1.40 வோல்ட். இத பயாஸ்ல ஒரு ப்ரொஃபைலா சேவ் பண்ணி வச்சிருக்கேன். அந்தத் தம்பி நேத்து ராத்திரி 14 ஏறிட்டுன்னு மெசேஜ் போட்டிருந்தான், நாளைக்கு மத்தியானம் ஓட்டிட்டு சொல்லுன்னு சொல்லியிருக்கேன்.