திருகோணமலையில் பல்கலைக்கழகக் கலைச்சேகரத்தைக் காப்பது எப்படி

பல்கலைக்கழகக் கலைக்கூடமொன்றில் காப்பாளராகப் பொறுப்பேற்பவர், காட்சியமைப்பைப் பற்றி எண்ணுமுன் வரவுப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பொருளும் எவரிடமிருந்து, எங்கிருந்து, எப்போது வந்தது என்பதைச் சரிபார்க்க வேண்டும். கோணேசர் கோயிலுக்குரிய வெண்கலத் திருவுருவங்கள் 1950இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன என்ற ஒருவரிச் செய்தி இல்லாவிடில், அவற்றின் வரலாற்றில் பாதி நமக்குக் கிட்டாமற் போயிருக்கும்.

2025இல் வந்த மூன்றாவது பொருளுக்கு 2025.3 என்றவாறு இலக்கமிடலாம். தாளோவியமாயின் பின்புற மூலையில் மென்பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும். களஞ்சிய அறைக்குள் பேனாவையே அனுமதிக்கக்கூடாது என்பது என் பிடிவாதம்.

இங்கு பெரும்பகை கடற்காற்றும் ஈரமுமே. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நாட்களில் அறையின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஈரப்பதமானியைக் காலையும் மாலையும் பார்த்துக் குறிப்பதோடு, ஓவியங்களை வெளிச்சுவரில் சாய்க்காமல், தரையிலிருந்து ஒரு சாணேனும் உயர்ந்த தட்டுகளில் வைக்க வேண்டும். வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் தென்பட்டால், புளி போட்டுத் துலக்க முற்படும் உதவியாளரைத் தடுத்து, பொருளை உலர்ந்த பெட்டியில் தனியே வைத்துவிட்டு, பயிற்சி பெற்ற பேணுநரை அழையுங்கள். நீர்வர்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும். மாணவர் இருட்டென்று முறையிட்டாலும் கூட்ட வேண்டாம்.