மென்பொருள் தயாரிப்பு வரிசை: நாளைய தேவையைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல தயாரிப்புகளுக்குப் பொதுவான பகுதியை ஒரு முறை எழுதிவிட்டு, அவை வேறுபடும் இடங்களை மட்டும் பிரித்து வைப்பதே மென்பொருள் தயாரிப்பு வரிசையின் அடிப்படை. இத்தகைய நிரல் குடும்பங்களைப் பற்றி கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1976-லேயே எழுதிவிட்டார். எது பொது, எது வேறுபடும் என்பதை நாம் இன்றைய தேவைகளைப் பார்த்து முடிவு செய்கிறோம். தயாரிப்போ பல ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

திட்டமிடும் கூட்டங்களில் "வாடிக்கையாளர் அடுத்து என்ன கேட்பார்?" என்ற கேள்வி தவறாமல் எழும். "நாம் மாறாது என்று நம்பியிருப்பவற்றுள் எது பொய்யாகக் கூடும்?" என்ற கேள்வி எழுவது அரிது. என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். மின் அளவிகளுக்கான மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஒருமுனை, மும்முனை, முன்கட்டணம் என்று வேறுபாடுகளை எவ்வளவு கவனமாகப் பட்டியலிட்டாலும், மின்சாரம் வீட்டுக்குள் மட்டுமே பாயும் என்பதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது ஓர் அனுமானம் என்றே எவருக்கும் தோன்றியிருக்காது. கூரையில் சூரியத் தகடுகள் வந்ததும், குறை எண்ணை ஏற்காத தரவுப் புலம், கட்டணக் கணக்கு, எதிர்த்திசை ஓட்டத்தை மின்திருட்டு என்று எச்சரிக்கும் பகுதி ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டியிருக்கிறது.

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் ஏறக்குறைய 40 வினாடிகளில் முடிந்துபோனதும் இப்படித்தான். ஏரியன் 4-இல் நன்றாக இயங்கிய வழிகாட்டு மென்பொருள் இதிலும் பயன்படுத்தப்பட்டது. கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஒரு மதிப்பு 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கும் என்பது பழைய ராக்கெட்டின் பாதைக்குப் பொருந்திய அனுமானம். புதிய ராக்கெட்டோ தொடக்கத்திலேயே அதிக வேகத்தை எட்டியதால், அந்த மதிப்பு 16 பிட்டுக்குள் அடங்காமல் மென்பொருள் செயலிழந்தது. அந்த மதிப்பு எல்லை மீறினால் சமாளிக்கும் பாதுகாப்பு வேண்டாம் என்று ஆராய்ந்துதான் முடிவெடுத்திருந்தார்கள், ஆனால் அதற்கான காரணம் மூல நிரலில் எங்கும் குறிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு பதிவு செய்தது. அதைவிட வருத்தமானது, பிழை நிகழ்ந்த கணக்கீடு, ராக்கெட் புறப்பட்ட பிறகு ஏரியன் 5-க்குத் தேவைப்படவே இல்லை. ஆகவே ஒவ்வொரு பொதுக்கூறுக்கும் அது எந்த நிபந்தனையில் பொதுவானது என்பதை, நிரலுக்கு அருகிலேயே, ஓரிரு வரிகளில் எழுதி வைக்க வேண்டும்.

இதற்கு அஞ்சி எல்லாவற்றையும் மாற்றத்தக்கதாக ஆக்கிவிடுவதும் தவறே. ஒன்றையொன்று சாராத 33 விருப்ப அம்சங்கள் இருந்தால் 858 கோடிக்கும் அதிகமான சேர்க்கைகள் உருவாகும். அவற்றில் மிகச் சிலவே சோதிக்கப்படும். ஒரு தேவை மாறும் என்பதற்கு வரைவு நிலையிலுள்ள சட்டமோ, வழக்கொழியும் வன்பொருளோ, இரண்டு வாடிக்கையாளர்களின் முரண்பட்ட கோரிக்கையோ சான்றாக இருக்கும்போது மட்டும் மாறுபடும் இடத்தை அமைப்பது நல்லது. மற்றவற்றை ஒரே தொகுதிக்குள் அடக்கி வைத்தாலே போதும். கம்பைல் செய்யும்போதே (நிரலை இயங்கத்தக்க வடிவுக்கு மாற்றும்போதே) முடிவாக வேண்டியதையும், இயங்கும்போது மாற்ற வேண்டியதையும் இந்தக் கட்டத்திலேயே பிரித்துவிட வேண்டும்.

தேவைகள் மறையவும் செய்யும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில், பல ஆண்டுகளாகப் பயன்படாத நிரலை இயக்கும் ஃபிளாக் (ஓர் அம்சத்தை இயக்கவோ நிறுத்தவோ உதவும் குறி) புதிய அம்சத்துக்காக மறுபடி பயன்படுத்தப்பட்டது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் ஏற்றப்படாததால் பழையது உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. ஒவ்வொரு விருப்ப அம்சத்துக்கும் ஒரு பொறுப்பாளரையும் மறுஆய்வுத் தேதியையும் குறித்து, அந்தத் தேதியில் அதை எந்தத் தயாரிப்பும் பயன்படுத்தவில்லை என்றால் நிரலையும் ஃபிளாக்கையும் சேர்த்தே நீக்கிவிடுங்கள்.