எழுத்தில் உங்கள் குரலைக் கண்டெடுக்க எட்டு வாரப் பயிற்சி

எழுதத் தொடங்குகிறவர்களில் பலரிடம் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். நேரில் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கத் தோன்றும். அதே செய்தியை எழுதச் சொன்னால், ஏதோ ஒரு சங்கத்தின் செயலாளர் வாசிக்கும் ஆண்டறிக்கை போல வந்து நிற்கும். தமிழில் இது கூடுதலாக நேர்வதற்குக் காரணம் உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். பள்ளியில் கட்டுரை எழுதப் பழகிய நாளிலிருந்தே, பேனாவைத் தொட்டதும் இரண்டாவது தமிழுக்கு மாறிவிடுகிறோம். அப்போது விகுதிகள் மட்டும் மாறினால் பரவாயில்லை. எதைக் கவனிக்கிறோம், எதற்குச் சிரிக்கிறோம், எதை முதலில் சொல்கிறோம் என்பதெல்லாமும் சேர்ந்து மாறிவிடுகின்றன.

தனிக்குரல் என்பது பிறவி வரம் என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டியதில்லை. ஒரு பக்கம் எழுதுவதற்குள் நாம் நூற்றுக்கணக்கான சிறு தேர்வுகளைச் செய்கிறோம்: இந்தச் சொல்லா அந்தச் சொல்லா, வாக்கியத்தை இங்கே முடிப்பதா தொடர்வதா, இந்தத் தகவலைச் சொல்வதா விடுவதா. அவற்றில் நீங்களே செய்தவை எத்தனை, யாரோ உங்களுக்காக முன்பே செய்து வைத்தவை எத்தனை என்பதுதான் கேள்வி. தேர்வுகளைப் பயிற்சியால் மாற்ற முடியும். கீழே உள்ள படிகள் எட்டு வாரங்களுக்கானவை. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், நாளுக்கு அரை மணி நேரம் போதும். ஒரு நோட்டு, குரல் பதிவு வசதியுள்ள கைப்பேசி, நீங்கள் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கக்கூடிய ஒருவர் ஆகிய மூன்றும் தேவை.

முதல் படி: பேச்சைப் பதிவு செய்து எழுத்தோடு ஒப்பிடுதல் (முதல் வாரம்)

அண்மையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய துயரமோ பெரிய சாதனையோ வேண்டாம். போய் வந்த ஒரு கல்யாணம் போதும். முதலில் அதை ஒரு பத்தியாக எழுதி மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் அதே நிகழ்ச்சியை உங்களோடு நெருங்கிப் பழகும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். அவருடைய அனுமதியோடு அதைப் பதிவு செய்யுங்கள். பிறகு பதிவைக் கேட்டு, திருத்தாமல், வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

எழுதியது: “கடந்த ஞாயிற்றுக்கிழமை உறவினர் இல்லத் திருமணத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு கிடைத்தது. ஏராளமானோர் வருகை தந்திருந்தனர். உணவு பரிமாறுவதில் சற்றுத் தாமதம் ஏற்பட்டது.”

பேசியது: “பந்தியில உக்காந்து எலை போட்டு இருவது நிமிஷம் ஆச்சு, உப்பும் ஊறுகாயும்தான் இருக்கு. பக்கத்து எலைப் பெரியவரு அந்த ஊறுகாயவே தொட்டு நக்கிக்கிட்டிருக்காரு. சோறு வர்றதுக்குள்ள பாயசம் ரெண்டு தடவ வந்துருச்சு.”

முதலாவதில் ஒரு ஆளும் இல்லை. தாமதம் தானாகவே ‘ஏற்பட்டு’விட்டது. இரண்டாவதில் பெரியவர் இருக்கிறார், ஊறுகாய் இருக்கிறது, தப்பான நேரத்தில் வந்த பாயசமும் இருக்கிறது. இதைப் பார்த்தவுடன் ‘அப்படியானால் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாம்’ என்று தோன்றலாம். சிலருக்கு அது சரிப்பட்டும் வரும். ஆனால் இந்தப் பயிற்சியின் நோக்கம் வேறு. இதே பத்தியை எழுத்துத் தமிழில், பேச்சில் இருந்த எதையும் இழக்காமல், மூன்றாம் முறையாக எழுதிப் பாருங்கள்: “பந்தியில் உட்கார்ந்து இலை போட்டு இருபது நிமிடம் ஆயிற்று, உப்பும் ஊறுகாயும் தவிர எதுவும் வரவில்லை. பக்கத்து இலைப் பெரியவர் அந்த ஊறுகாயையே தொட்டு நக்கிக்கொண்டிருந்தார். சோறு வருவதற்குள் பாயசம் மட்டும் இரண்டு தடவை வந்துவிட்டது.” விகுதிகள் எல்லாம் எழுத்துத் தமிழுக்கு உரியவை, ஆளோ அதே ஆள். குரல் கொச்சை வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்பதை இந்த ஒரு ஒப்பீடு காட்டிவிடும். இந்த வாரத்தில் இப்படி மூன்று நிகழ்ச்சிகளையாவது செய்து பாருங்கள்.

இரண்டாம் படி: இரவல் தொடர்களைக் களைதல் (இரண்டாம் வாரம்)

நீங்கள் முன்பு எழுதிய பழைய பதிவுகளில் ஐந்தாறை எடுத்து, வேறு யாரும் எழுதியிருக்கக்கூடிய தொடர்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ‘என்றால் அது மிகையாகாது’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘இன்றைய அவசர உலகில்’, ‘காலத்தின் கட்டாயம்’, ‘நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது’ ஆகியவை நாளிதழிலிருந்தும் மேடையிலிருந்தும் வந்தவை. எளிதில் அகப்படும், எளிதில் நீக்கலாம். நீக்கிய இடத்தில் பெரும்பாலும் எதையும் வைக்கத் தேவையிருக்காது. வாக்கியம் அதில்லாமலே நிற்கும்.

சமூக ஊடகத்திலிருந்து தொற்றிக்கொண்டவைதான் பிடிபடாதவை. ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று உடைத்துப் போடுவது, ஒவ்வொரு முடிவிலும் மூன்று புள்ளி வைப்பது, ‘யோசித்துப் பாருங்கள்’ என்று வாசகருக்குக் கட்டளையிடுவது, கடைசி வரியில் ஒரு திருப்பம் வைத்தே தீருவது ஆகியவை இன்று கிட்டத்தட்ட ஒரே கையெழுத்தில் வருகின்றன. இவற்றை எழுதுகிறவர் தம்முடைய பாணி என்றே நம்புகிறார். நாளிதழ்த் தமிழைவிட இதுதான் இப்போது பெரிய தொல்லை என்பது என் கருத்து. எழுதியதைச் ‘செம்மைப்படுத்தித் தா’ என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுப்பதையும் இந்த எட்டு வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். பல நேரங்களில் முதலில் காணாமல் போவது அந்தப் பாயசமாகத்தான் இருக்கும்.

மூன்றாம் படி: பிறர் பக்கத்தைப் பார்க்காமல் திரும்ப எழுதுதல் (மூன்றாம், நான்காம் வாரங்கள்)

இந்தப் பயிற்சி பழையது. 1706இல் பாஸ்டனில் பிறந்த பெஞ்சமின் பிராங்க்ளின், அண்ணனுடைய அச்சகத்தில் வேலை பழகிய இளம் வயதில், லண்டனிலிருந்து வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டு, சில நாள் கழித்து அந்தக் குறிப்புகளிலிருந்து கட்டுரையைத் தம் சொற்களில் மறுபடி எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். அவர் மூலத்தை எட்டிப் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார். நாம் செய்வதும் அதே வேலைதான். ஆனால் பலனை மறுபக்கத்திலிருந்து, அதாவது மூலத்திலிருந்து விலகிய இடங்களிலிருந்து, படிக்கப்போகிறோம்.

ஒன்றுக்கொன்று எதிரான நடை கொண்ட இரண்டு எழுத்தாளர்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். குரலை உயர்த்தாத எளிய வாக்கியங்களால் எழுதிய அசோகமித்திரனையும், சொல்லின் ஓசையையே மந்திரம் போல அடுக்கிச் சென்ற லா.ச.ராமாமிர்தத்தையும் எடுத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தப்பாது. ஒருவரிடமிருந்து ஒரு பக்கத்தைப் படித்து, வாக்கியத்துக்கு இரண்டு மூன்று சொற்களாகக் குறிப்பெடுங்கள். மூன்று நாள் நோட்டைத் தொடாதீர்கள். பிறகு குறிப்புகளை மட்டும் வைத்து அந்தப் பக்கத்தை எழுதி, மூலத்தை அருகில் வைத்து, எங்கெல்லாம் விலகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

விலகல்களில் ஒரு பகுதி வெறும் குறைபாடாக இருக்கும்: அவர் ஒரு சொல்லில் முடித்ததை நீங்கள் ஒன்பது சொல்லில் இழுத்திருப்பீர்கள். அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு பகுதி, இரண்டு எழுத்தாளர்களிடமிருந்தும் நீங்கள் ஒரே திசையில் விலகியதாக இருக்கும். இருவரும் அமைதியாக விட்ட இடத்தில் நீங்கள் கேலி சேர்த்திருக்கலாம். இருவரும் மனத்துக்குள் போன இடத்தில் நீங்கள் கையையும் பாத்திரத்தையும் பார்த்திருக்கலாம். இந்த இரண்டாவது பட்டியலைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். உங்கள் குரலைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் முதல் சாட்சி அது.

நான்காம் படி: சொந்தச் சொற்பை (ஐந்தாம் வாரம்)

உங்கள் வீட்டிலும் தெருவிலும் தொழிலிலும் புழங்கும் சொற்களைச் சேருங்கள். பாட்டி திட்டும் சொல், பட்டறையில் கருவிக்கு வழங்கும் பெயர், அலுவலகத்தில் மேலதிகாரியைக் குறிக்கும் மறைமொழி எல்லாம் இதில் சேரும். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் (1922–2021) கரிசல் மக்களின் சொற்களைத் தொகுத்து வட்டார வழக்குச் சொல்லகராதியே உருவாக்கினார். கதை சொல்லும் பகுதியையும் அந்த மொழியிலேயே எழுதினார். காவிரிக் கரை மனிதர்களை எழுதிய தி.ஜானகிராமனோ வட்டாரப் பேச்சின் முழு ருசியையும் உரையாடலுக்கு விட்டு, விவரிப்பைப் பொதுத் தமிழில் வைத்துக்கொண்டார். இரண்டும் பெரிய வழிகள். எது உங்களுக்கு என்பதை இரண்டிலும் ஒரு பத்தி எழுதிப் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

நகரத்தில் வளர்ந்தவர்கள் ‘எனக்கு வட்டார வழக்கே இல்லையே’ என்று வருந்தி, வாழாத ஊரின் சொற்களைக் கடன் வாங்குவது உண்டு. அது உடனே தெரிந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் விடுதிக்கும் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் அவற்றுக்கே உரிய பேச்சு இருக்கிறது. நீங்கள் நாள்முழுதும் ‘சார்ஜர்’ என்று சொல்கிறவரானால், எழுத்தில் மட்டும் ‘மின்னேற்றி’ என்று எழுதுவது உங்கள் தேர்வுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் சரி.

ஐந்தாம் படி: வாக்கியத்தின் முடிவும் ஓசையும் (ஆறாம் வாரம்)

தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிகிறது. ஆகவே கவனமில்லாமல் எழுதினால் ஒரே ஓசை திரும்பத் திரும்ப விழும். நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லை மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். ‘இருந்தது, வந்தது, இருந்தார், இருந்தது, சொன்னார், இருந்தது’ என்று வரிசை போனால், படிக்கிறவர் ஏன் களைத்தார் என்பது விளங்கும். ‘தெரு முழுக்கத் தண்ணீராக இருந்தது’ என்பதைத் ‘தெரு முழுக்கத் தண்ணீர்’ என்று நிறுத்தலாம். ‘வாசலில் மாடி வீட்டு வாத்தியார் நின்றிருந்தார்’ என்பதை ‘வாசலில் நின்றவர் மாடி வீட்டு வாத்தியார்’ என்று பெயரில் முடிக்கலாம்.

எச்சங்களை அடுக்குவது இன்னொரு கருவி. “சைக்கிளை நிறுத்தி, பின்னால் கட்டியிருந்த பையை அவிழ்த்து, திண்ணையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் செய்தியைச் சொன்னார்” என்னும்போது, கேட்கக் காத்திருந்தவரோடு வாசகரும் காத்திருக்கிறார். இதையே “சைக்கிளை நிறுத்தினார். பையை அவிழ்த்தார். திண்ணையில் வைத்தார். செய்தியைச் சொன்னார்” என்று வெட்டினால் நான்கு செயலுக்கும் ஒரே எடை விழுகிறது, செய்தி நான்கில் ஒன்றாகிவிடுகிறது. இரண்டும் தப்பில்லை. அந்த இடத்தில் உங்களுக்கு எது வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட நுட்பமானது இடைச்சொற்களின் ஆட்சி. ‘மாமா வந்தார்’ என்பது தகவல். ‘மாமாவும் வந்தார்’ என்றால் கூட்டத்தில் அவரும் ஒருவர். சொல்லும் தொனியைப் பொறுத்து, வரமாட்டார் என்று நினைத்திருந்தோம் என்பதும் சேரும். ‘மாமாதான் வந்தார்’ என்றால் வேறு யாரையோ எதிர்பார்த்திருந்தோம். ‘மாமாவே வந்தார்’ என்றால் ஆளனுப்பியிருக்கக்கூடியவர், நேரில் வந்துவிட்டார். ‘வந்தாரே மாமா’ என்றால் சொல்கிறவருக்கே உற்சாகம் தாங்கவில்லை. ஒரு குடும்பத்தின் பகையும் உறவும் ஓரிரு எழுத்தில் ஏறி இறங்குகின்றன. உங்கள் பேச்சுப் பதிவில் இந்த ‘உம்’, ‘தான்’, ‘ஏ’ எங்கெல்லாம் விழுகின்றன என்று குறித்து, எழுத்திலிருந்து அவை உதிர்ந்த இடங்களில் திரும்ப வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம். நான்கு வரிக்கு ஒன்று போதும் என்பது தொடக்கத்துக்கு நல்ல அளவு.

ஆறாம் படி: ஒரே வாசகர் (ஏழாம் வாரம்)

ஒரே செய்தியை அக்காவுக்கும், கூட வேலை பார்ப்பவருக்கும், ஓர் இதழாசிரியருக்கும் மூன்று கடிதங்களாக எழுதுங்கள். எதில் கை தடையின்றி ஓடியதோ அவரையே மனத்தில் வைத்து இனிமேல் கட்டுரைகளை எழுதுங்கள், அவர் அதைப் படிக்கப்போவதில்லை என்றாலும்.

ஏழாம் படி: வழிகாட்டியும் பெயர் மறைப்புச் சோதனையும் (எட்டாம் வாரம்)

உங்கள் பக்கங்களைப் படிக்க இருப்பவரிடம் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்பார், பேச்சு முடிந்துவிடும். ஒரு பென்சிலைக் கொடுத்து, நீங்கள் பேசுவது போலக் கேட்கும் வரிக்கு ஒரு கோடும், வேறு யாரோ பேசுவது போலத் தோன்றும் வரிக்கு ஒரு சுழியும் மட்டும் போடச் சொல்லுங்கள். பணம் கட்டிச் சேரும் எழுத்துப் பயிலரங்கிலும் இதையே தேடுங்கள்: உங்கள் வாக்கியத்தைத் தம் வாக்கியமாக மாற்றித் தருகிற ஆசிரியரிடமிருந்து நீங்கள் கொண்டுவரப்போவது அவருடைய குரலைத்தான். ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை ‘என் பாணி’ என்று காப்பாற்றாமல் திருத்திக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, உங்களுடைய மூன்று பத்திகளைப் பிறர் எழுதிய ஆறு ஏழு பத்திகளோடு கலந்து, பெயர்களை நீக்கி, உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் உங்களுடையதைச் சரியாக எடுத்துக் காட்டினால், எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று விசாரியுங்கள். ‘எதையும் சாப்பாட்டிலிருந்துதானே தொடங்குவாய்’ என்பது போன்ற பதில் வந்தால் வேலை நடந்திருக்கிறது. ‘நாலு வரிக்கு ஒரு முறை “சரி, போகட்டும்” என்று எழுதுகிறாயே’ என்றால், அவர் கண்டுபிடித்தது ஒரு பழக்கதோஷத்தை. அந்தச் சொல்லை ஒரு மாதத்துக்கு அடியோடு விலக்கி எழுதி, புதிய பத்திகளோடு சோதனையை மறுபடி நடத்துங்கள்.