முருங்கைச் சாறு கருகியதை எப்படிச் சரிசெய்தேன்

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக முருங்கை இலையிலிருந்து பாலிபீனால்களை (தாவரங்களில் உள்ள ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புச் சேர்மங்கள்) பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். கரைப்பானைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துச் சாறு இறக்கும் சாக்ஸ்லெட் கண்ணாடிக் கருவியில் வைத்தால் மணிக்கணக்கில் ஓடும். மைக்ரோவேவில் சில நிமிடம் போதும் என்பதால் லேபில் இருந்த, மூடிய கலம் கொண்ட மைக்ரோவேவ் கருவிக்கு மாறினேன். முதல் வாரம் முழுக்க ஏமாற்றம்தான். சாறு பழுப்பாக வந்தது, தீய்ந்த வாசனை வேறு. பாலிபீனால் கூடக் கூட நீலம் அடர்த்தியாகும் ஃபோலின் சோதனையில் நீலம் வெளிறியே இருந்தது.

முதலில் இலையைச் சந்தேகப்பட்டேன். கோளாறு கரைப்பானில் இருந்தது. நான் ஊற்றியது தண்ணீர் கலக்காத எத்தனால். 2450 மெகாஹெர்ட்ஸ் அலையில் அது தண்ணீரைவிட வேகமாகச் சூடேறும். மூடிய கலத்தில் 78 டிகிரி கொதிநிலையையும் தாண்டிவிடும். இன்னொரு பக்கம், இலைப் பொடி நன்றாகக் காய்ந்திருந்தது. இலையின் செல்லுக்குள் ஈரம் இருந்தால்தான் அது சூட்டில் ஆவியாகி, சுவரை உள்ளிருந்து உடைத்து, சாரத்தை வெளியே தள்ளும். இந்த முறையின் உயிரே அதுதான்!

சரி என்று பாதி எத்தனால், பாதி தண்ணீர் கலந்தேன். பொடியை அரை மணி நேரம் ஊறவிட்டேன். 600 வாட்டை 300 ஆக்கி, 30 விநாடி ஓட்டம், ஒரு நிமிடம் ஓய்வு என்று ஆறு முறை. வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டவிடவில்லை. எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்தேன். அன்று ஃபோலின் சோதனைக் குழாயில் வந்த அடர்நீலத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தயவுசெய்து வீட்டு மைக்ரோவேவில் எத்தனால் வைக்காதீர்கள். ஒரு பொறி பட்டாலே ஆவி தீப்பிடிக்கும்.